அரசு வீடு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாலை வேளைகளில் உட்கார்ந்து, வீட்டுக்கும் பட்டாவுக்கும் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். மனு எழுத வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஒருபுறம் இருக்க, அவர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் சொற்களும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

"எங்களுக்கு கவர்மெண்ட் வீடு வந்திருக்குன்னு சொல்றாங்க. அவங்களே கட்டிக் கொடுத்துடுவாங்களா?"

இல்லை. கிராமங்களில் இப்போது நடைமுறையில் உள்ள திட்டங்களில், பயனாளி தம் சொந்த மனையில் தாமே வீட்டைக் கட்ட வேண்டும். அடித்தளம், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம், கான்கிரீட் கூரை, முடிந்த வீடு என்று ஒவ்வொரு நிலையிலும் ஓவர்சியர் வந்து பார்த்து, இடத்தின் அடையாளத்தோடு படம் எடுத்துப் பதிவேற்றிய பின்னரே அந்தந்தத் தவணை வங்கிக் கணக்கில் ஏறும். சிமெண்டும் கம்பியும் ஒன்றியத்தின் வழியாகத் தரப்பட்டால், அவற்றின் விலை உதவித் தொகையில் கழிக்கப்படும்.

ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ போன்ற நிறுவனங்கள் ஒரே அச்சில் வரிசையாகக் கட்டிச் சாவியைக் கையில் கொடுத்த தொகுப்பு வீடுகளின் நினைவு மக்கள் மனத்தில் இன்னும் இருப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. இன்று வருவது வீடு கட்டுவதற்கான உத்தரவும் பகுதிச் செலவும் மட்டுமே. பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

"எத்தனை திட்டம் இருக்கு? எங்களுக்கு எது பொருந்தும்?"

கிராமத்தில் இருப்பவர் முதன்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, 1985 முதல் நடந்த இந்திரா குடியிருப்புத் திட்டத்துக்குப் பதிலாக 2016-இல் வந்த பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டம். சமவெளிப் பகுதியில் வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்பது அதன் அடிப்படைத் தொகை. இதில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தருகின்றன. அந்தத் தொகையில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால், தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக 1.20 லட்சம் சேர்த்து 2.40 லட்சமாகத் தருகிறது. கழிப்பறைக்கான 12,000 ரூபாயும், நூறு நாள் வேலைத் திட்டத்தில் தம் வீட்டுக்குத் தாமே உழைத்த கூலியும் இதற்கு மேல். வீட்டின் பரப்பு குறைந்தது 269 சதுர அடி இருக்க வேண்டும்.

மற்றொன்று, 2024 பிப்ரவரி மாத வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது அதன் இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. குடிசையில் வாழ்பவருக்கு இது. முதலில் சொன்ன பிரதமர் திட்டம், அதாவது மத்தியத் திட்டம், கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளில் இருப்போருக்குத் தனித் திட்டம் உண்டு. அதை ஓசூர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"மூன்றரை லட்சத்துல வீடு முடிஞ்சுடுமா சார்?"

முடியாது என்பதே என் அனுபவம். 3.50 லட்சத்தை 360-ஆல் வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு 972 ரூபாய் வரும். இந்த விலைக்கு வீட்டை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட மேஸ்திரி ஒருவரையும் நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நம் மண்ணில் வேறொரு சிக்கலும் உண்டு. இரண்டடி தோண்டினால் பாறை வரும் இடங்களில் அடித்தளத்துக்கே கம்ப்ரசர் வைத்து உடைக்க வேண்டியிருக்கும். கோடையில் கான்கிரீட் ஆற்றுவதற்குத் தண்ணீரை டிராக்டர் டேங்கரில் விலைக்கு வாங்க வேண்டும். இவ்விரண்டும் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் தனியாக இருப்பதில்லை.

நல்லம்பள்ளி ஒன்றியத்தில் ஒரு அம்மா தம் பேத்தியின் பழைய கணக்கு நோட்டில் செலவை எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் சைஸ் கல், மணல், வண்டி வாடகை என்று ஒழுங்காகத் தொடங்கியிருந்தது. நான்காம் பக்கத்தில் 'கறவை மாடு வித்தது' என்று வரவில் ஒரு வரி. அதற்கு அடுத்த பக்கத்தில் 'தோடு அடகு', அதன் கீழே 'குழுக் கடன்'. கூரை போட்ட அன்று மேஸ்திரி ஆட்களுக்குப் போட்ட கறிச்சோற்றின் செலவையும் அவர் விடாமல் எழுதியிருந்தார். அந்த ஒரு மனுவில் கேட்டதைத் தவிர வேறெதையும் அவர் அரசிடம் கேட்டதில்லை. ஆனால் ஊரில் அவர் வீட்டுக்குப் பெயர் 'ஓசி வீடு'.

ஆகவே, உத்தரவு கையில் கிடைத்ததும் பழைய குடிசையைப் பிரித்துப் போட்டுவிட வேண்டாம். அடித்தளம் வரைக்குமாவது கைப்பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தவணை வேலை நடந்த பிறகுதான் வரும். அனுமதித்த அளவை மீறி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு அறைக்கும் சேர்த்து அடித்தளம் போட்டவர்கள்தாம் லிண்டல் மட்டத்தில் நின்றுபோவதை அதிகம் பார்க்கிறேன்.

"எங்களுக்குப் பட்டாவே இல்ல. அப்ப வீடு கிடையாதா?"

மனம் நோகச் செய்யும் கேள்வி இது. எல்லாத் திட்டங்களும் மனையிலிருந்துதான் தொடங்குகின்றன; மனை இல்லாதவரே மிக ஏழை, அவரே வெளியில் நிற்கிறார். இதற்குத் தீர்வு வீட்டு மனுவில் இல்லை. மனைப்பட்டா கேட்டு வருவாய்த் துறையில் தனி மனு கொடுக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு அந்தந்த நலத்துறைகளின் வழியாகவும் இலவச மனைப்பட்டா வழங்கப்படுகிறது. மனுவை விஏஓவிடம் வாய்ச்சொல்லாக விடாமல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த எண்ணே பின்னர் உங்களுக்குச் சாட்சி.

இருக்கும் இடம் நத்தம் என்றால் கவலை குறைவு. நத்தம் என்பது குடியிருப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம். நீண்டகாலமாகக் குடியிருப்பதற்கு வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பு அட்டையும் இருந்தால் பட்டா கேட்கலாம். தாத்தா பெயரில் பட்டா இருக்கிறது, பங்காளிகள் ஐந்து பேர் என்றால், உட்பிரிவு செய்து உங்கள் பங்கை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு வாருங்கள். பாதி மனுக்கள் இந்த ஒரு காரணத்தால் திரும்புகின்றன.

"நாப்பது வருஷமா ஏரிக்கரை ஓரம் இருக்கோம். கரண்டு இருக்கு, வரி கட்டுறோம். பட்டா ஏன் தர மாட்டேங்கறாங்க?"

புறம்போக்கில் ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது என்று இரண்டு வகை உண்டு. ஏரி, குளம், வாய்க்கால் போன்ற நீர்நிலைகள் இரண்டாம் வகை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருப்பதால், எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அங்கே பட்டா தர எந்த அதிகாரிக்கும் இயலாது. வரி ரசீது நீங்கள் குடியிருந்ததற்கான சான்றே தவிர உரிமைக்கான சான்று ஆகாது. எனவே அதே இடத்துக்குப் பட்டா கேட்டுக் காலத்தைக் கழிப்பதைவிட, மாற்று மனை கேட்டு மனு எழுதுவதே பயன் தரும். ஆட்சேபணையற்ற புறம்போக்கில் இருப்பவர்கள் வரன்முறை செய்யக் கேட்கலாம்.

"உழைச்சு வீடு கட்டுறவன் வரி கட்டுறான், இவங்க ஓசியில வீடு வாங்கிட்டு சோம்பேறி ஆகுறாங்க. இது நியாயமா?"

என் முகத்துக்கு நேரே ஒரு நண்பர் கேட்டது. முதல் பாதிக்கான பதில் மேலே சொன்ன நல்லம்பள்ளி அம்மாவின் கணக்கு நோட்டில் இருக்கிறது: தொகை பகுதிச் செலவுக்குத்தான், மீதியை வாங்குபவரே உழைத்தும் கடன்பட்டும் போடுகிறார். சோம்பேறி என்ற சொல்லுக்கும் விடை கண்ணெதிரே உண்டு. பெங்களூரின் அடுக்குமாடிகளில் கம்பி கட்டுகிறவர்களிலும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் தையல் ஓட்டுகிறவர்களிலும் நம் மாவட்டத்தார் எத்தனை பேர் என்று தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நின்றால் தெரியும். பிறருக்கு வீடு கட்டும் அந்தக் கைகளுக்கே ஊரில் ஒழுகாத கூரை இல்லை.

இரண்டாவது, வீட்டுக்கு அரசு உதவி பெறுபவர் ஏழை மட்டும் அல்லர். வீட்டுக் கடன் வாங்கியவருக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டிக்கு விலக்கு உண்டு. இருபது விழுக்காடு வரி கட்டுபவருக்கு இதனால் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரை மிச்சம். ஒன்பது ஆண்டுகளில் அது 3.60 லட்சம், குடிசைக்காரருக்கு ஒரே முறை கிடைக்கும் தொகையைவிட அதிகம். பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 18 லட்சம் வரை உள்ளவர்களுக்கும் சில ஆண்டுகள் 2 லட்சத்துக்கு மேல் வட்டி மானியம் கொடுத்தார்கள். நானும் என் வீட்டுக் கடனுக்கு வரி விலக்குப் பெற்றவன்தான். என்னை யாரும் ஓசி வீட்டுக்காரன் என்று சொன்னதில்லை. ஒருவருக்குச் சலுகை என்றும் இன்னொருவருக்குப் பிச்சை என்றும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். பணம் ஒரே கருவூலத்திலிருந்துதான் வருகிறது.

குடியிருப்பு என்பது உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1990-களில் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் கூறியிருப்பதையும் அந்த நண்பருக்கு எடுத்துச் சொன்னேன்.

"பைக் வச்சிருக்கான், ஃபிரிட்ஜ் வச்சிருக்கான். அவனுக்கு எதுக்கு வீடு?"

மத்தியத் திட்டத்தின் முந்தைய விதிகளில் இரு சக்கர வண்டியோ குளிர்பதனப் பெட்டியோ இருந்தாலே பெயர் நீக்கப்பட்டது உண்மை. 2024-இல் அந்த விதிகள் தளர்த்தப்பட்டன. கார், டிராக்டர் போன்றவை, அரசு வேலை, வருமான வரி, மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் ஆகியவை இன்றும் தடைகளே. பேருந்து போகாத ஊரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு இரண்டாம் ஷிப்டு போய் வருபவருக்குத் தவணையில் வாங்கிய வண்டி பிழைப்புக் கருவி. வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே கூரை எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

"எல்லாம் காலனிக்காரங்களுக்குத்தான் தர்றாங்க, மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. உண்மைதானே?"

உண்மை இல்லை. மத்தியத் திட்டத்தில் தேசிய அளவில் 60 விழுக்காடு ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படுகிறது. மீதி 40 மற்றவர்களுக்கு. கனவு இல்லத்துக்கு அளவுகோல் குடிசை. 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரங்களிலும் நூறு வீட்டில் நாற்பதுதான் ஆதிதிராவிடருக்கு. 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 மற்றவருக்கும் கொடுக்கப்பட்டன.

ஒதுக்கீடு ஏன் என்றால், ஊருக்குள் மனை வாங்க முடியாத நிலையில் வைக்கப்பட்டவர்கள் யார் என்பதே காரணம். அவர்களுக்கு மனை எடுப்பதற்கென்றே 1978-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அப்படி எடுத்த நிலமும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தாழ்வில் அமைந்தது. அரசு கட்டிக் கொடுத்த இடம் என்பதாலேயே 'காலனி' என்ற சொல் வசையாக மாறியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலரும் ஏழைகளே. அவர்களுக்கு வீடு வராததற்குக் காரணம் அடுத்த தெருக்காரர் அல்லர், மேலே சொன்ன பட்டாவும் கீழே சொல்லும் பட்டியலுமே.

"பேர் லிஸ்டுல இல்லையாம். காசு குடுத்தா சேர்த்துடுவேன்னு ஒருத்தர் சொல்றார். குடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். மத்தியத் திட்டத்தின் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலும், 2018-இல் தொடங்கிய ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பிலும், அதன் பின் ஆவாஸ் பிளஸ் 2024 செயலி வழியாகவும் உருவானது. இடையில் ஒருவர் நினைத்தால் செருகிவிடக் கூடிய காகிதப் பட்டியல் அன்று. கனவு இல்லத்துக்கும் குடிசைக் கணக்கெடுப்பில் இடம்பெற்று, கிராம சபையில் ஒப்புதல் பெற வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாளில் வேலைக்குப் போய்விட்டு, பிறகு பட்டியலைக் குறை சொல்வதில் பயனில்லை. போய் உட்கார்ந்து பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டின் கூரை தெரியும்படி எடுத்த ஒரு படமும் ரேஷன் அட்டை நகலும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு தவணைக்கும் பங்கு கேட்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பதை மறைக்க மாட்டேன். என்னிடம் வந்த ஒருவர் லிண்டல் தவணைக்கு மூன்று மாதம் அலைக்கழிக்கப்பட்டார். பணம் நேரே உங்கள் வங்கிக் கணக்கில் வருவதால் அதற்காக யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். போக அஞ்சினால் குறைந்தது எழுத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு மனு கொடுங்கள். அந்த மனிதருக்கு அப்படி எழுதிய பிறகுதான் தவணை வந்தது.

"ஓசூர்ல வாடகைக்கு லைன் வீட்ல இருக்கோம். டவுன்ல எங்களுக்கு ஏதாவது உண்டா?"

உண்டு, ஆனால் வழி வேறு. சொந்த மனை இருந்தால் பிரதமர் நகர்ப்புறத் திட்டத்தில் கட்டுவதற்கு உதவி கிடைக்கும். 2024 செப்டம்பரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளோர் நலிந்த பிரிவினர், 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவினர் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளனர். நாட்டில் எங்கும் உங்கள் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. மனை இல்லாதவர், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். அதற்கும் பயனாளி பங்குத்தொகை செலுத்த வேண்டும்.

"அந்த மாதிரி பிளாக் எங்க ஏரியாவுல வந்தா திருட்டு வரும், மனை விலையும் போயிடும்னு சொல்றாங்களே?"

அந்த வீடுகளுக்கு வரப் போகிறவர்கள் வெளியூரிலிருந்து இறங்குபவர்கள் அல்லர். உங்கள் தெருவைப் பெருக்குபவர், பக்கத்து ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர், சந்தையில் மூட்டை தூக்குபவர் ஆகியோர் ஏற்கெனவே அதே நகரத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். நேற்று வரை ஒற்றை அறையில் இருந்தவர் இரண்டு அறைக்கு மாறுவதால் திருடராகிவிடுவதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்பதற்குச் சென்னைக் கண்ணகி நகரைப் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் நடுவிலிருந்த மக்களைப் பெருந்தொகையாகக் கொண்டுபோய் வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெகுதூரத்தில் குடியமர்த்தினார்கள். வருமானம் போனது, பிறகு கண்ணகி நகர் முகவரி என்றாலே இளைஞர்களுக்கு வேலை தரத் தயங்கும் நிலை வந்தது. ஒதுக்குப்புறத்தில் குவித்ததே அங்கே தவறு. ஆகவே, "எங்கள் பகுதியில் வேண்டாம், ஊருக்கு வெளியே கட்டுங்கள்" என்று எதிர்ப்பவர்கள், தாங்கள் அஞ்சும் நிலையைத் தாங்களே உருவாக்குகிறார்கள்.

"வீட்டை வாங்கிட்டு பூட்டிட்டு பெங்களூர் போயிட்டாங்க. அப்ப தேவை இல்லாதவங்கதானே?"

பருவத்துக்குப் பருவம் வேலைக்குப் போய்த் திரும்புபவருக்கு ஊரிலுள்ள வீடுதான் நிலையான முகவரி. ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் எல்லாம் அங்கே. பூட்டிய கதவைப் பொங்கலுக்கு முந்தைய நாள் வந்து பாருங்கள். உண்மையாகவே வாடகைக்கு விட்டு வேறிடத்தில் நிலையாக இருப்பவரும் சிலர் உண்டு, அது தவறு. அரசு ஒதுக்கித் தந்த மனைக்கான ஒப்படைப்புப் பட்டாவில் விற்பனைக்கான தடை அதன் நிபந்தனைகளிலேயே அச்சிட்டிருக்கும், வாங்குபவரும் அதைப் படித்துக்கொள்வது நல்லது.

"மலையில இருக்கறவங்களுக்குத் தனித் திட்டமாமே?"

2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம், குறிப்பாக நலிந்த பழங்குடியினருக்கானது. வீட்டுக்கு மத்தியத் திட்ட அளவு 2 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் அந்தப் பிரிவில் உள்ளவர்களில் இருளரும் அடக்கம். எனவே பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து இருளர் கேட்கலாம். சித்தேரி, வத்தல்மலையிலுள்ள மலையாளிப் பழங்குடியினர் அந்தப் பிரிவில் இல்லாததால் மற்றத் திட்டங்களில்தான் வருவார்கள். இருளருக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதே பெரும்பாடு. முதலில் அதற்கு மனு எழுதுங்கள்.

"வீட்டுக்காரர் பேர்ல உத்தரவு வந்துச்சு. அடித்தளம் போட்டதோட அவர் இறந்துட்டார். இனி அவ்வளவுதானா?"

இல்லை. பயனாளி இறந்தால் சட்டப்படியான வாரிசு வீட்டைத் தொடர்ந்து கட்டி மீதித் தவணைகளைப் பெறலாம். மத்தியத் திட்டத்தில் முதலிலேயே மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ உத்தரவு தர வேண்டும் என்பதுதான் பொது விதி. அப்படி வாங்கியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. ஆகவே இனி விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் மனைவியின் பெயரைச் சேர்க்கும்படி நான் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வியோடு வந்த காரிமங்கலம் பக்கத்துப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வேலை உத்தரவு, தம் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கையும் வைத்து, பயனாளி பெயர் மாற்றம் கோரி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு எழுதினோம். வாரிசுச் சான்றிதழுக்குத்தான் நாள் பிடித்தது. அதுவரை அடித்தளத்தின் மேல் வளர்ந்த செடிகளை வாரம் ஒரு முறை பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பெயர் மாறி, லிண்டல் தவணை ஏறிய அன்று கணக்குப் புத்தகத்தில் வரி அடித்துக்கொண்டு வந்து காட்டினார்.